குரக்கன் பொரியும் முளைப்பயறும்: சத்து உடம்பில் சேரச் செய்யும் முறை

குரக்கனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. அரிசியில் இருப்பதைவிடப் பல மடங்கு. ஆனால் அவ்வளவும் உடம்பில் சேர்வதில்லை. தானியங்களின் தவிட்டில் பைட்டிக் அமிலம் உண்டு. இரும்பு, நாகம் (சிங்க்), கல்சியம் மூன்றையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். குரக்கன் தோலில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பைத் தடுக்கும். மீன், இறைச்சி, மரக்கறி என்று கலந்து சாப்பிடுபவருக்கு இது பெரிய விஷயமில்லை. தானியத்தையே நம்பியிருக்கும் சைவ வீடுகளில், வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயம் கவனிக்க வேண்டியது.

பொரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பைட்டிக் அமிலம் சூட்டைத் தாங்கக்கூடியது. பொரிப்பதால் கொஞ்சம்தான் குறையும். ஊறவைத்து முளைக்க விட்டால், தானியத்திலேயே இருக்கும் பைட்டேஸ் என்ற நொதி விழித்து அதை உடைக்கும். பயறில் புரதச் செரிமானத்தைக் கெடுக்கும் திரிப்சின் தடுப்பான்களோ சூட்டில்தான் அடங்கும். அதனால் தண்ணீர், நெருப்பு இரண்டும் வேண்டும்.

சரி, பொரிமா செய்ய 2 சுண்டு குரக்கனும் 1 சுண்டு பயறும் எடுங்கள்.

முதலில் பயறு. இரவு முழுக்க ஊறவிட்டு, நீரை வடித்துவிட்டு, ஈரத்துணியில் கட்டி வையுங்கள். யாழ்ப்பாண வெக்கைக்கு ஒரு நாளில் முளை எட்டிப் பார்க்கும். அப்புறம் வெயிலில் நன்றாகக் காயவைத்து, வாசம் வரும்வரை வறுத்து வையுங்கள்.

அடுத்தது குரக்கன். கல்லு மண் போக அரித்து, இதையும் இரவில் ஊறவையுங்கள். காலையில் நீரை வடித்து நிழலில் துணியில் பரப்புங்கள். கையில் ஒட்டாமல், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும் பதம்தான் முக்கியம். அந்த ஈரம் ஆவியாகி வெடிப்பதுதான் பொரி. முற்றாகக் காய்ந்தால் பொரியாது, ஈரம் கூடினால் வறுபட்டுக் கடினமாகிவிடும்.

இரும்புத் தாச்சியை நன்றாகச் சூடாக்கி நாலைந்து மணி போட்டுப் பாருங்கள். போட்டதும் வெடித்தால் சூடு போதும். ஒவ்வொரு பிடியாகப் போட்டு, ஈர்க்குக் கட்டால் விடாமல் கிளறுங்கள். கருஞ்சிவப்புத் தோல் பிளந்து வெள்ளைப் பூ வெளியே வரும். வெடிச்சத்தம் குறையும்போதே இறக்கிவிடுங்கள். கருகினால் கசப்பு மட்டுமல்ல, தயமின் என்ற பி1 விற்றமினும், தானியங்களில் ஏற்கெனவே குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறும் இன்னும் குறையும். பயறில் லைசின் தாராளம். அதைச் சேர்ப்பதே அதற்காகத்தான்.

இரண்டும் ஆறியபின் சேர்த்து அரைத்து, அரிதட்டில் அரித்து, ஈரமில்லாத போத்தலில் போடுங்கள். சாப்பிடும்போது தேங்காய்ப்பூவும் பனங்கட்டித் தூளும் சேர்த்துக் குழையுங்கள். கூடவே தேசிக்காய்த் தண்ணீரோ கொய்யாப்பழமோ இருக்கட்டும்; விற்றமின் சி இரும்பை உடம்பு உறிஞ்ச உதவும். பிளேன்ரீயை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். தேயிலையில் உள்ள தனின், நீங்கள் ஊறவைத்து எடுத்த பயனைக் கெடுத்துவிடும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. குரக்கன் என்றாலே நல்லது என்று நினைத்து இந்தப் பொரிமாவை அள்ளிச் சாப்பிட வேண்டாம். பொரித்த மாச்சத்து விரைவாகச் செரித்து இரத்தச் சீனியை ஏற்றக்கூடும், பனங்கட்டியும் சீனிதான். பனங்கட்டி இல்லாமல் இரண்டு மேசைக்கரண்டி போதும்.