உறையையும் எடுத்து வைக்கத் தோன்றும் கடிதம்

போன மாதம் அத்தைக்கு ஒரு கடிதம் போட்டேன். படித்தாரா என்று போனில் கேட்டால், "அதை விடு, அந்தப் பறவை ஸ்டாம்ப் எங்கடா கிடைச்சது?" என்கிறார். கடிதம் போடுவதென்றால் இப்படிப் போடுங்கள்.

கவுண்டரில் வெறுமனே ஸ்டாம்ப் கேட்டால் எப்போதும் வரும் சாதாரணத் தபால்தலைதான் கைக்கு வரும். ஒருவரையோ ஒரு நிகழ்வையோ நினைவுகூர வெளியிடும் நினைவுத் தபால்தலை இருக்கிறதா என்று கேளுங்கள். அது ஒருமுறை அச்சடித்ததோடு சரி, தீர்ந்தால் தீர்ந்ததுதான். சின்ன அஞ்சலகங்களில் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். சென்னைக்காரர்கள் அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்துக்குப் போகலாம், அங்கே தபால்தலைக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய். ஒரே தலையாக ஒட்டாமல் சின்ன மதிப்பில் இரண்டு மூன்றாக ஒட்டினால் உறையே அழகாகிவிடும். ஏ4 தாள் ஒன்று கிட்டத்தட்ட 5 கிராம், அதனால் மூன்று தாளும் உறையும் சேர்ந்தாலே எல்லையைத் தொட்டுவிடும், நாலாவது தாளில் ஊர்வம்பு எழுத ஆசைப்பட்டால் எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். தபால்தலையின் மதிப்பு குறைந்தால் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கை, பாவம், வாங்குகிறவரிடம் கேட்பார்கள்.

முகவரியைப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள். மை பேனாவில் எழுதி, மழையில் நனைந்து, வீட்டு எண் கரைந்துபோய் எனக்கே திரும்பி வந்த கடிதம் ஒன்று இன்னும் மேஜையில் கிடக்கிறது. பின்கோடு கட்டாயம். "புதூர்" என்று மட்டும் எழுதினால் எந்தப் புதூர் என்று அவர்கள் தேடுவார்கள்? 1972-ல் பின்கோடு வந்ததே இந்தக் குழப்பத்துக்காகத்தான்.

தெருமுனைப் பெட்டியில் போடுமுன் வாயில் சிலந்திவலை இருக்கிறதா என்று ஒரு பார்வை. இருந்தால் நேரே அஞ்சலகத்துக்கு நடையைக் கட்டுங்கள்.

பதில் வந்தால் உறையிலிருந்து தபால்தலையைப் பிய்க்காதீர்கள். சுற்றிலும் ஒரு விரல்கடைத் தாள் விட்டு வெட்டி, கிண்ணத்துத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் பசை இளகித் தானே நழுவும். அப்புறம் வெள்ளைத் தாளில் குப்புறப் போட்டுக் காயவைத்து, கனமான புத்தகத்துக்குள் ஓர் இரவு வையுங்கள். வெளிநாட்டு ஸ்டிக்கர் தலைகள் பல தண்ணீருக்கு மசியாது, அவற்றைத் தாளோடேயே ஆல்பத்தில் வைத்துவிடலாம்.