கிராலர் கட்டும்போது கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்கள்

ஆர்சி ராக் கிராலர், அதாவது ரிமோட்டில் பாறை ஏறும் குட்டி வண்டி, வாங்கிய முதல் வாரத்திலேயே பலர் செய்யும் காரியம் மோட்டாரை மாற்றுவது. தயவுசெய்து வேண்டாம். இது ஓடும் வண்டி இல்லை, ஏறும் வண்டி. பாறையில் அது தோற்பது பெரும்பாலும் டயர் பிடிக்காததால், இல்லையென்றால் எடை தப்பான இடத்தில் உட்கார்ந்திருப்பதால். கூடவே வந்த 35 டர்ன் (கம்பிச் சுற்று) பிரஷ்டு மோட்டாரே ஆரம்பத்துக்குப் போதும், இன்னும் நிதானம் வேண்டுமென்றால் 45, 55 என்று டர்னைக் கூட்டத்தான் வேண்டும், குறைக்கக் கூடாது.

எடை விஷயத்தில் நானே நன்றாக மாட்டிக்கொண்டவன். 1/10 அளவு வண்டி, கூரையில் இரும்பு கேரியர், அதில் ஸ்டெப்னி, குட்டி ஜெர்ரி கேன், லைட் பார் எல்லாம் ஏற்றிவிட்டு, ஆஹா நிஜ ஜீப் மாதிரியே இருக்கிறதே என்று படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த சரிவில் முன்சக்கரம் தூக்கி மல்லாக்கக் கவிழ்ந்தது. கேரியரைக் கழற்றி, முன் ஆக்சிலுக்குப் பித்தளை நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) போட்டதும் அதே சரிவில் முனகாமல் ஏறியது. எடை எப்போதும் கீழே, ஆக்சிலோடு இருக்க வேண்டும், அதிலும் முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. சமையலறைத் தராசில் முன்சக்கரங்களை வைத்து, பின்சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் புத்தகம் அடுக்கிப் பாருங்கள். மொத்த எடையில் 55 முதல் 60 சதவீதம் முன்னால் வந்தால் போதும். நாலு பக்கமும் பித்தளையாக மாட்டினால் ஆக்சில் தண்டும், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ மோட்டாரும்தான் அழும்.

டயரில் பார்க்க வேண்டியது பட்டன் டிசைன் அல்ல, ரப்பரின் மென்மையும் உள்ளே இருக்கும் ஃபோமும். வண்டியைத் தரையில் வைத்தால் டயர் லேசாகச் சப்பையாக வேண்டும், கல் மேல் அழுத்தினால் கல்லைச் சுற்றி மடங்க வேண்டும். கடினமான ஃபோம் இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரும் பந்து மாதிரி குதிக்கும். காற்று ஓட்டையை அடைக்காதீர்கள், ஆனால் தண்ணீரில் ஓட்டினால் ஃபோம் குடித்துக் கனத்துப்போகும், பிழிந்து காயவைக்கத்தான் வேண்டும். டயர் விளிம்பை வளையம் வைத்துத் திருகி இறுக்கும் பீட்லாக் ரிம்முக்குப் பசை தேவையே இல்லை.

அப்புறம் சர்வோ. மின்சாரம் கொடுத்து அதை நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஹார்னை (சர்வோ தண்டில் உட்காரும் சின்னக் கை) மாட்ட வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் திரும்பாது. முழுக்கத் திருப்பும்போது "ஙீ..." என்று இரைந்தால் ரிமோட்டில் எண்ட் பாயிண்டை (சர்வோ திரும்பும் எல்லை) குறையுங்கள், அது சர்வோ வெந்துகொண்டிருக்கும் சத்தம். இன்னொன்று பலருக்குப் பிடிபடுவதே இல்லை: 25 கிலோ முறுக்குவிசை சர்வோ போட்ட பிறகு பாறை இடுக்கில் வண்டி திடீரென்று செத்து உயிர்பெறும், ரிசீவர் போய்விட்டது என்று புதிதாக வாங்குவார்கள். ரிசீவர் நன்றாகத்தான் இருக்கும். சக்கரம் சிக்கிக்கொண்ட நொடியில் சர்வோ இழுக்கும் கரண்ட்டை ஈஎஸ்சிக்குள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருக்கும் சின்ன பிஇசியால் (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதி) தாங்க முடியாமல் வோல்டேஜ் விழுகிறது, அவ்வளவுதான். தனி பிஇசி ஒன்று போட்டால் தீர்ந்தது.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி மாட்டினால் ஈஎஸ்சியும் லைப்போ மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கல் பேட்டரிக்கான மோடிலேயே விட்டால் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய் பேட்டரி உப்பிவிடும். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள்.

சில்லறை விஷயங்கள்: மோட்டார் தண்டில் இருக்கும் பினியனுக்கும் அது சுழற்றும் ஸ்பர் கியருக்கும் நடுவில் ஒரு துண்டுத் தாள் நுழைத்து மோட்டாரை இறுக்கிவிட்டு, தாளை உருவிவிட்டால் இடைவெளி சரியாக இருக்கும். நீல த்ரெட்லாக் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) உலோகத்தில் உலோகம் இறங்கும் திருகுக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விட்டுப்போகும், ஒரு கியர்பாக்ஸ் மூடி எனக்கு அப்படிப் போயிருக்கிறது. டப்பாவோடு வரும் வளைந்த ஆலன் கீயை மட்டும் நம்பாதீர்கள், நல்ல 1.5, 2 மில்லிமீட்டர் டிரைவர் வாங்கிவிட்டு அப்புறம் வண்டியைப் பிரியுங்கள், தலை மழுங்கிய திருகை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும்.