உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு கட்டுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை நகரத்தில் வேலை, உப்புவெளியிலோ நிலாவெளியிலோ வீடு என்று வாழ விரும்புகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வங்கி அதிகாரிகள், வைத்தியர்கள், ஓய்வுபெற்ற அதிபர்கள், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் மாடி வீடு எழுப்பும் பெற்றோர் என்று பலர். நல்ல வாழ்க்கைதான். வேலை முடிந்து வந்து, பிள்ளைகளோடு கடலில் கால் நனைத்துவிட்டு, விறாந்தையில் காற்றாட இருக்கலாம். அந்த ஆசையில் குறை காண எனக்கு மனமில்லை.

வீடு கட்டிக் கொடுக்கும் ஒப்பந்த வேலை என்னுடையது. தொடக்க காலத்தில் எங்கள் தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் விட்ட பிழைகளை, இப்போது புதிதாகக் கட்டுகிறவர்களும் அப்படியே விடுகிறார்கள். உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள், எல்லைக் கல்லைப் பாருங்கள் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆடியில் கடலைப் பார்த்துக் காணி பேசுவது

மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் கடலில் அலையே இருக்காது. வெளிநாட்டு உறவினர்கள் விடுமுறைக்கு வருவதும் அந்த மாதங்களில்தான். அந்தக் கடலைப் பார்த்து முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அதே காணியைக் கார்த்திகை, மார்கழியில் வந்து பாருங்கள். வாடைக் காற்றில் அலை கரையை அரித்துக்கொண்டு மேலே ஏறும். கரையோர மணல் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் காணி பெரும்பாலும் மேட்டைவிடத் தாழ்வு. மழைநீர் கடலுக்கு இறங்க வழியில்லாமல் நிற்கும். மண் கொட்டி உயர்த்தினால் அந்தத் தண்ணீர் அயலவர் முற்றத்துக்குப் போகும். குடிவரும் முன்பே பகை வந்துவிடும்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்: “மாரியில் தண்ணீர் எதுவரைக்கும் நிற்கும்?” தரகர் சொல்லாததை அவர் சொல்வார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எதுவரை வந்தது என்பதையும் அவரே கைநீட்டிக் காட்டுவார்.

உறுதி இருந்தால் போதும் என்று நினைப்பது

போதாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பிரதேச சபையின் அனுமதி அதற்கு ஈடாகாது.

உப்புத் தண்ணீரில் கொங்கிறீட் போடுவது

இதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு ஆற்றாமை தீரவில்லை.

உப்புவெளியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டைப் பார்க்க அழைத்தார்கள். கட்டியவர் வேறொருவர். கடற்பக்க விறாந்தைத் தூணில் மேலிருந்து கீழாக நேராக ஒரு வெடிப்பு. அதன் ஓரத்தில் துருக்கறை வழிந்திருந்தது. ஏற்கெனவே சீமெந்து பூசி வர்ணமும் அடித்து மறைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுத்தியலால் தட்டினேன். பொள்ளலான சத்தம். இன்னொரு தட்டில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று கழன்று காலடியில் விழுந்தது. உள்ளே 12 மில்லிமீற்றர் கம்பி இருந்த இடத்தில் அடுக்கடுக்காகத் துரு. நகத்தால் சுரண்டவே அப்பளம் போல நொறுங்கியது. நல்ல இரும்பு பாதிகூட மிஞ்சவில்லை. “தூணையே மாற்ற வேண்டுமா தம்பி?” என்று கேட்டார். ஓய்வூதியக் கொடுப்பனவை முழுதாக அந்த வீட்டில் போட்டவர் அவர். பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நடந்தது இதுதான். சீமெந்தின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். உப்பிலுள்ள குளோரைட்டு அந்தக் காப்பை உடைத்துவிடும். துருவாக மாறும் இரும்பு முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். சுற்றியுள்ள கொங்கிறீட்டைப் பிளக்கும். பிளவு வழியாக உப்புக்காற்று இன்னும் உள்ளே போகும். வெளியில் வெடிப்புத் தெரியும்போது உள்ளே காரியம் முற்றியிருக்கும். மேலே எந்த மருந்தைப் பூசினாலும் நிற்காது. கம்பியின் பின்புறம் வரை உடைத்து, துருவைச் சுத்தமாக நீக்கி, தேய்ந்த கம்பியை மாற்றித்தான் திருத்த வேண்டும். ஆளைக் குடியிருக்க வைத்துக்கொண்டு ஒரு வீட்டின் தூண்களை அப்படி உடைப்பது எவ்வளவு செலவு, எவ்வளவு வேதனை என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

உப்பு எங்கிருந்து வருகிறது? முதலில், வளவிலுள்ள கிணற்றிலிருந்து. “ஐயா, வாயில் விட்டுப் பார்த்தேன், நல்ல தண்ணீர்” என்று மேசன் சொல்வார். மாரி முடிந்த கையோடு அது உண்மையாகவும் இருக்கும். கரையோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துதான் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் நிற்கும். மேலே ஓர் அடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு அந்த 40 அடிக்கு ஏறிவரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நாள் முழுவதும் மோட்டார் போட்டு இறைத்தால் தை மாதத்து நன்னீர் ஆவணியில் உவர்நீராகிவிடும். கட்டட வேலை மும்முரமாக நடப்பதும் அந்த மாதங்களில்தான். நாக்கை நம்பாமல் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கம்பி போட்ட கொங்கிறீட்டுக்கு லீற்றருக்கு 1000 மில்லிகிராம் குளோரைட்டுக்கு மேல் கூடாது. கோடையில் ஒருமுறை மறுபடியும் கொடுங்கள்.

கலப்பதற்குப் பௌசரில் நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, பிறகு நனைப்பதற்கு அதே உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுகிறவர்களைக் காணும்போதுதான் எனக்குத் தாங்க முடியாத கோபம் வருகிறது. பச்சைக் கொங்கிறீட் குடிக்கும் தண்ணீர் அது. ஒரு வீட்டுக்கான நல்ல தண்ணீரின் விலை, முன் கேற்றுக்குச் செலவழிக்கும் பணத்தில் சிறு பங்குதான்.

அடுத்தது மணல். கடல் மணலைக் கழுவாமல் தொடவே கூடாது. ஆற்று மணல் என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்துக்கு அருகில் அள்ளியதில் கடல்நீர் ஏறியிருக்கலாம். எங்கே அள்ளியது என்று கேளுங்கள்.

பிறகு கம்பிக்கு மேலுள்ள கொங்கிறீட்டின் தடிப்பு. நகரத்துக்குள் ஓர் அங்குலம் விடும் பழக்கத்தில் இங்கேயும் விடுகிறார்கள். கடற்கரையில் 50 மில்லிமீற்றர் வேண்டும். கம்பிக்குக் கீழே கல்லையோ ஓட்டுத் துண்டையோ முட்டுக் கொடுக்க விடாதீர்கள். சீமெந்துக் கட்டைகள் வார்த்து வையுங்கள். கட்டுக்கம்பியின் நுனிகள் உட்பக்கம் மடிந்திருக்க வேண்டும். 50 கிலோ சீமெந்து மூடை ஒன்றுக்கு 22 லீற்றருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. கலவை இலகுவாக ஓடட்டும் என்று இன்னொரு வாளி ஊற்றுவார்கள். கொங்கிறீட் போடும் நாளில் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

மலக்குழியும் கிணறும்

50 அடி இடைவெளி என்பார்கள். மணல் நிலத்தில் அதுவும் குறைவு. பக்கத்துக் காணியின் கிணற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

“பதினைந்து கிலோமீற்றர்தானே”

நகரத்திலிருந்து நிலாவெளி ஏறத்தாழ அவ்வளவுதான். அலுவலகத்துக்குப் போய்வர 30 கிலோமீற்றர்; பிள்ளைகளின் மாலை வகுப்புக்கு இன்னொரு 30. 2022இல் எரிபொருளுக்கு அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கொடுத்தார்கள். உப்புவெளியில் இருந்தவர்கள் சமாளித்தார்கள். நிலாவெளிக்காரர் பலர் நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கி வேலைக்குப் போனார்கள். பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் காணி பாருங்கள்.

கிழக்கே முழுச் சுவரும் கண்ணாடி

காலை வெயிலிலேயே அறை கொதிக்கும்.

கூரை

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியது. அப்படியான காற்று கூரையைத் தூக்காதபடி, கடலை நோக்கி நீண்ட தாவாரத்தை மாரி வருமுன் வளையில் இறுக்கிக் கட்டுங்கள்.

கடற்கரைப் பாதையை மதிலுக்குள் எடுப்பது

காணியின் ஓரமாகக் கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இருக்கும். புதிதாக வருகிறவர் அதையும் சேர்த்து மதில் எழுப்பி, கேற்றுப் பூட்டிவிடுகிறார். அது கரைவலைக்காரர் வலையும் கயிறும் சுமந்து போகும் வழி. சுனாமிக்குப் பிறகு இதே கரையில் மறுபடியும் தோணி இறக்கியவர்கள் அவர்கள். விடியற்காலையில் அவர்கள் அம்பா பாடி வலை இழுக்கும் சத்தத்தையும் மீன் வாடையையும் பற்றிப் பிரதேச சபைக்கு முறைப்பாடு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானவர்களுக்கு நான் வேலை எடுப்பதில்லை. நில அளவையாளர் வரும் நாளில் பழைய ஆட்கள் ஒருவர் இருவரை அழைத்து, அந்தப் பாதையை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மதிலுக்கு அத்திவாரம் வெட்டுவது அதற்குப் பிறகு.