கடலோரத்திலிருந்து பனிமலைக்கு: முதல் முறை ஏறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை தொடங்கும்போது புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் சிலர் வந்து, இமயத்தில் வழிகாட்டியுடன் செல்லும் சிகர ஏற்றம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, என்னென்ன பொருள்கள் வாங்க வேண்டும் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் அதற்கு முன் பனியை மிதித்தவர்கள் அல்லர். அவர்கள் கவலைப்படுவது பொருள்களைப் பற்றி. தவறு நடப்பதோ பெரும்பாலும் வேறிடத்தில். செஞ்சிக் கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களோடு ஏறி இறங்கிப் பயிற்சி கொடுத்துவரும் எனக்கு, எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் ஒன்றுவிடாமல் திரும்ப நடப்பதைப் பார்க்கும்போது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. கையுறையை மறப்பது, தலைவிளக்குக்கு மாற்று பேட்டரி எடுக்காமல் போவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை நிறுவனம் அனுப்பும் பட்டியலே பார்த்துக்கொள்ளும்.

ஓய்வு நாளை வெட்டுதல்

பணம், உடல்நலம், உடன் வந்தவர்களின் வாய்ப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கெடுக்கும் தவறு இது ஒன்றுதான் என்பது என் கருத்து. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லடாக்கில் உள்ள லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முந்தைய இரவு சென்னையில் விமானம் ஏறி தில்லியில் மாறுபவர் மறுநாள் காலை உணவுக்கு லேயில் இருப்பார். காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான் என்றாலும், காற்றழுத்தம் அங்கே கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. 5,500 மீட்டரில் பாதி. அழுத்தம் குறைந்தால் நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் செல்லும் பிராணவாயுவும் குறையும். உடனே உடல் வேகமாக மூச்சு வாங்கத் தொடங்குகிறது. அப்படி வாங்கும்போது கரியமிலவாயு மிகுதியாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால், மூளை மறுபடியும் மூச்சை அடக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியைத் தீர்ப்பவை சிறுநீரகங்கள். அவை பைகார்பனேட்டைச் சிறுநீர் வழியே வெளியேற்றி இரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்த பிறகே உடலால் தடையின்றி ஆழ்ந்து மூச்சுவிட முடியும். அதற்குச் சில நாள்கள் ஆகும். தோசை மாவு புளிப்பதற்கு ஆகும் நேரத்தைப் போலத்தான் இதுவும். பக்கத்தில் உட்கார்ந்து அவசரப்படுத்தினால் நடந்துவிடாது.

ஆகவே லேயில் இறங்கியதும் குறைந்தது இரண்டு முழு நாள்கள் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். புதிதாக வருபவருக்கு இந்த நாள்கள்தான் கண்ணை உறுத்துகின்றன. “சும்மா படுத்திருக்கறதுக்கா அண்ணா அறை வாடகை கொடுக்கணும்?” என்று கேட்டவர்கள் உண்டு. அலுவலகத்தில் கிடைக்கும் விடுப்பு குறைவு. நாள் குறைந்த திட்டத்துக்குக் கட்டணமும் குறைவு. எனவே திட்டத்தில் எந்த நாளில் நடை இல்லையோ அந்த நாளின் மீது முதலில் கத்தி விழுகிறது.

கடலூரைச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் கதை இதற்குப் போதும். மார்க்கா பள்ளத்தாக்கில் உள்ள, 6,200 மீட்டரைத் தாண்டும் காங் யாட்சே இரண்டாம் சிகரத்துக்குப் பணம் கட்டியிருந்தார்கள். நால்வரும் ஓட்டக்காரர்கள், ஒருவர் ஆரோவில் மாரத்தானில் ஓடியவர். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக லேயில் ஓய்வுக்கென இருந்த இரண்டாம் நாளையும், வழியில் வானிலைக்கென ஒதுக்கியிருந்த உபரி நாளையும் எடுத்துவிடும்படி ஏற்பாட்டாளரிடம் கேட்டார்கள். வாடிக்கையாளர் கேட்டதை மறுக்க மனமில்லாத அந்த நிறுவனமும் சம்மதித்துவிட்டது. புறப்படுமுன் என்னிடம் திட்டத்தைக் காட்டியபோது நான் வேண்டாம் என்றேன். நல்ல உடற்பயிற்சி உள்ளவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று மரியாதையாகவே பதில் சொன்னார்கள். விமானச் சீட்டு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டிருந்தது.

உயரத்துக்குப் பழகாத உடலுக்கு வரும் உயர நோயை உடற்பயிற்சி தடுப்பதில்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதாக இல்லை. பயிற்சி உள்ளவர் மற்றவர்களைவிட வேகமாக ஏறுவார். அதனால் நோயிடம் முன்னதாகவே போய்ச் சேருவதும் உண்டு. இன்னொரு ஏமாற்றும் இதில் இருக்கிறது. அறிகுறிகள் பொதுவாக ஓர் உயரத்தை அடைந்த ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகே தொடங்குகின்றன. காலையில் லேயில் இறங்கியவர் மதியம் முழுத் தெம்போடு இருப்பார், கடைத்தெருவில் சுற்றுவார், சாந்தி ஸ்தூபியின் படிகளில் ஏறிப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார். தலைவலி இரவில்தான் வரும். இந்த நால்வரும் அப்படித்தான் செய்தார்கள்.

அடிவார முகாம் ஏறத்தாழ 5,100 மீட்டரில் இருக்கிறது. அங்கு போய்ச் சேருவதற்குள் ஒருவர் இரண்டு வேளை சாப்பிட்டதை வாந்தி எடுத்திருந்தார். அன்று இரவு கூடாரத்துக்கு வெளியே நடக்கையில் கால் தடுமாறியது. தலைமை வழிகாட்டி தயங்கவில்லை; உதவி வழிகாட்டி ஒருவரைத் துணைக்கு அனுப்பி அவரை இருட்டிலேயே கீழே இறக்கினார். இங்கேதான் பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று நடந்தது. வழிகாட்டியுடன் செல்லும் ஏற்றத்தில் இத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற கணக்கு உண்டு. ஒருவர் இறங்கும்போது ஒரு வழிகாட்டியும் இறங்குகிறார். எஞ்சியவர்களைப் பனிச்சரிவில் கயிற்றில் அழைத்துச்செல்ல ஆள் போதாது. வேறொரு நாள் காத்திருந்து, இறங்கிய வழிகாட்டி திரும்பி வந்ததும் ஏறலாம் என்றால், அந்த நாளைத்தான் இவர்களே வெட்டியிருந்தார்கள். கட்டணம், விமானச் சீட்டு, வாடகைக்கு எடுத்த காலணி எல்லாம் போக, நால்வரும் சிகரத்தைக் கூடாரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இறங்கியவர் இரண்டு நாளில் தேறிவிட்டார் என்பது மட்டுமே ஆறுதல். அடுத்த கோடையில் வேறொரு குழு அதே கேள்வியோடு வந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

“அப்படியானால் டயமாக்ஸ் போட்டுக்கொண்டு போகலாமே” என்பது அடுத்த கேள்வி. அசெட்டசோலமைடு என்னும் அந்த மருந்து, மேலே சொன்ன சிறுநீரக வேலையைத்தான் சற்று விரைவுபடுத்துகிறது. அந்த வேலைக்கு வேண்டிய நாள்களை அடியோடு நீக்கிவிடுவதில்லை. விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும். அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். சல்பா மருந்துகள் ஒவ்வாதவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், முதல் மாத்திரையை மலையில் போடாமல் ஊரிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

பணம் கட்டுமுன் ஒரு தாளை எடுத்து, ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் வரிசையாக எழுதுங்கள். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும், கணக்குக்கு உரியது படுக்கும் உயரம்தான். 3,000 மீட்டருக்கு மேல் அது ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட வேண்டும். மூன்று அல்லது நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் மற்றோர் இரவு தங்க வேண்டும். இது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. மணாலியிலிருந்து ஏறும் 5,289 மீட்டர் பிரண்ட்ஷிப் சிகரத்துக்குப் புதியவர்கள் நிறையப் போகிறார்கள். மணாலி 2,000 மீட்டர் அளவில் இருக்க, இரண்டே இரவில் ஆளை 3,800 மீட்டரில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும் திட்டங்களும் அதற்கு விற்கப்படுகின்றன. உங்கள் தாளில் அப்படி ஒரு தாவல் தெரிந்தால், கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தத் திட்டம் உங்களுக்கானது அன்று. திரும்பும் விமானத்தையும் திட்டம் முடியும் நாளுக்கு மறுநாளே வைத்துக்கொள்ளாதீர்கள். கையில் சீட்டு இருப்பவர் உடம்பின் பேச்சைக் கேட்பதில்லை. வானிலை கெட்டால் லே விமானமும் கிளம்புவதில்லை.

தலைவலியை வழிகாட்டியிடம் மறைத்தல்

முதல் தவறைச் செய்தவர்கள் இரண்டாவதாக இதையும் செய்கிறார்கள். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம்தான் காரணம். உண்மையில் மிதமான தலைவலிக்கு யாரும் திருப்பி அனுப்புவதில்லை. அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வைப்பார்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மறைத்துக்கொண்டு மேலே போகும்போதுதான் அது மூளை வீக்கமாகவோ நுரையீரலில் நீர் கோப்பதாகவோ மாறும் வாய்ப்பு உண்டாகிறது. குடித்தவரைப் போலத் தள்ளாடுதல், பேச்சு குழறுதல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், இருமலில் நுரை வருதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் இறங்க வேண்டும். ஒரு குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்ப்பது எளிய சோதனை.

நம்மவர்களுக்கு மொழித் தடையும் சேர்ந்துகொள்கிறது. லடாக்கிலும் இமாச்சலிலும் வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்தியில்தான் பேசுவார்கள். இந்தி தெரியாதவர் “ஓகே, ஓகே” என்று சிரித்து வைப்பதை அவர் உடல் நலமாக இருப்பதாகவே வழிகாட்டி எடுத்துக்கொள்வார். சிர் தர்த், உல்ட்டி, சக்கர் ஆகிய மூன்று சொற்களையாவது கற்றுக்கொண்டு போங்கள். தலைவலி, வாந்தி, தலைச்சுற்றல் ஆகிய மூன்றும் அவற்றில் அடங்கிவிடும்.

ஊட்டியில் ஒரு வாரம் தங்கிப் பழகிக்கொள்ளுதல்

பெரிதாகப் பயனில்லை. தென்னிந்தியாவில் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான்.

கடற்கரைச் சாலையில் மட்டும் நடப்பது

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையும் கடலூர் வெள்ளிக் கடற்கரையும் காலை நடைக்கு அருமையான இடங்கள். மூச்சுத் திறன் அங்கே வளரும். ஆனால் தொடையின் முன்தசைகளுக்கு இறக்கம் என்றால் என்னவென்று தெரியாமலே போகும். மலையில் முழங்கால் நடுங்கத் தொடங்குவது ஏறும்போது அன்று, இறங்கும்போதுதான். நமக்கு அருகில் உள்ள நல்ல பயிற்சிக்களம் செஞ்சி ராஜகிரி. அதன் உயரம் சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர்தான். சிகர நாளில் 1,000 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டியிருக்கும் என்பதால், ஒருமுறை ஏறிவிட்டுக் கீழே இளநீர் குடித்து முடித்துக்கொள்வது பயிற்சி ஆகாது. முதுகுப்பையில் தண்ணீர்க் குப்பிகளைச் சுமந்து இரண்டு மூன்று முறை ஏறி இறங்க வேண்டும். முழங்காலைக் காக்க மேலே நீரைக் கொட்டிவிட்டு இறங்குங்கள் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். மூட்டுக் கோளாறு இல்லாதவர்கள் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டி, சுமையோடுதான் இறங்கிப் பழக வேண்டும். அருணாசல மலையடியில் கிரிவலம் பலமுறை சென்றிருப்பதாகச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். அந்தப் பாதை ஏறத்தாழச் சமதளம்.

பீரோவில் கிடந்த காலணி

கடலோரத்தில் வாழ்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மலையேற்றக் காலணி பலவற்றின் அடிப்பாகத்தில் உள்ள பாலியூரித்தேன் அடுக்கு, ஈரக்காற்றில் சில ஆண்டுகள் கிடந்தால் தானாகவே சிதையும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்த காலணியும் இதற்கு விலக்கன்று. மேலே பார்த்தால் புதிதுபோல் இருக்கும். நடக்கத் தொடங்கிய முதல் நாளே அடிப்பாகம் பெயர்ந்து தொங்கும். அண்ணனிடமோ நண்பரிடமோ இரவல் வாங்கிய காலணியாக இருந்தால், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே செஞ்சியில் சுமையோடு போட்டு நடந்து பாருங்கள். பனிச்சரிவுக்கான இரட்டை அடுக்குக் காலணியும், பனியில் வழுக்காமல் இருக்க அதன் அடியில் மாட்டும் முள்சட்டமான கிராம்பானும் லேயிலும் மணாலியிலும் வாடகைக்குக் கிடைக்கும். வாங்கும் இடத்திலேயே ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, இரண்டு தடிமனான காலுறைகளோடு போட்டு, விரல் இடிக்கிறதா என்று சாய்தளத்தில் இறங்கிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

மது

இறங்கி வந்த பிறகு. தூக்க மாத்திரையும் அப்படியே.

ஆக்சிமீட்டர் எண்ணை ஒப்பிடுதல்

இரவு உணவுக் கூடாரத்தில் ஆளாளுக்கு இரத்தத்தில் உள்ள பிராணவாயுவின் அளவைக் காட்டும் கருவியை விரலில் மாட்டிக்கொண்டு, “உனக்கு எண்பத்திரண்டா, எனக்கு எழுபத்தெட்டு” என்று பேசிப் பீதியைக் கிளப்புவது இப்போதைய வழக்கம். குளிர்ந்த விரலில் அந்தக் கருவி தவறான எண்ணைக் காட்டும். எண் குறைந்திருந்தும் பசியெடுத்துச் சாப்பிடுபவரைவிட, எண் நன்றாக இருந்தும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவரை நான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

உச்சிவரை மட்டும் தெம்பைக் கணக்கிடுதல்

சிகர நாளில் நள்ளிரவு கடந்து ஒரு மணி, இரண்டு மணிக்கே புறப்படுவது இருட்டில் நடக்கும் ஆசையால் அன்று. இரவில் இறுகியிருக்கும் பனி, வெயில் ஏறியதும் இளகி, கால் புதையவும் சரியவும் தொடங்கும். பிற்பகலில் மேகமும் சூழும். ஆகவே எந்த இடத்தில் இருந்தாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று வழிகாட்டி ஒரு நேரம் வைத்திருப்பார். முந்தைய மாலையே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்களோடு ஒரே கயிற்றில் வருபவர்கள் அனைவரும் அதற்கு ஒப்புக்கொண்டார்களா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உச்சி இருக்கும்போது வழிகாட்டியிடம் “இன்னும் அரைமணி” என்று கெஞ்சுபவர்கள், அந்த அரைமணியை இறங்கும்போது இளகிய பனியில் இரு மடங்காகத் திருப்பிக் கொடுக்க நேரும்.

காப்பீடு

சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் கயிறும் கிராம்பானும் பயன்படுத்தும் ஏற்றங்களுக்கு இடமில்லை. சிலவற்றில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பொறுப்பேற்பதில்லை. எத்தனை மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்புக்கு யார் பணம் கட்டுவது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.