குதிரை அறிவுப் போட்டியை இணையவழியில் நடத்துவது எப்படி?

குதிரைகளோடு வளரும் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு இணையவழியில் அறிவுப் போட்டி நடத்த முன்வருபவர்கள் பெரும்பாலும் எந்தச் செயலி நல்லது என்றே முதலில் கேட்கிறார்கள். ஆனால் போட்டி தேறுவதும் தேறாமற்போவதும் கேள்வித்தாளைப் பொறுத்ததே. வீட்டிலிருந்து எழுதுபவரின் கையில் கைப்பேசி இருக்கும் என்பதால், குதிரையின் சினைக்காலம் எத்தனை நாள் என்று கேட்டு, ஏறத்தாழ 340 என்ற விடைக்கு மதிப்பெண் கொடுத்தால், நாம் சோதித்தது தேடும் வேகத்தைத்தான். அதே செய்தியை, ஏப்ரல் 10 அன்று இணைசேர்ந்த பெட்டைக் குதிரை எப்போது ஈனக்கூடும், ஈனுவதற்குச் சில நாள் முன்பு அதன் காம்பு நுனியில் என்ன தென்படலாம் என்று கேட்டுப் பாருங்கள். மார்ச் நடுப்பகுதி என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். காம்பில் மெழுகுபோல் திரளும் துளியைப் பார்த்த பிள்ளையோ இரண்டாவது விடையைத் தயங்காமல் எழுதும்.

ஆகவே கேள்விகளில் பாதியாவது, பிள்ளையை லாயத்துக்கு ஒருமுறை அனுப்பிவைப்பவையாக இருக்க வேண்டும். நாடித் துடிப்பு இதற்கு மிகவும் ஏற்றது. பெரியவர் ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொள்ள, கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் இரண்டு விரல்களை வைத்துத் தடவினால் கயிறுபோல் ஒரு தமனி உருளும். கட்டைவிரலை வைத்தால் நம் துடிப்பே குழப்பிவிடும் என்பதால் அதைத் தவிர்த்து, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிப்பும், 8 முதல் 16 வரை மூச்சும், 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை உடல் வெப்பமும் இயல்பானவை. போட்டிக்கு ஒரு வாரம் முன்பே இந்த வேலையைக் கொடுத்துவிட்டு, போட்டியன்று, தீவனத்தைத் தொடாமல் காலால் தரையைப் பறித்துக்கொண்டு அடிக்கடி விலாப்பக்கம் திரும்பிப் பார்க்கும் ஒரு குதிரைக்கு நாடி 64 என்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். வயிற்றுவலி என்று ஊகித்து, தீவனத்தை அகற்றிவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைப்பதே விடை.

உயர அளவில் ஒரு பொறி உண்டு. குதிரையின் உயரம், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து தரைவரை, ‘கை’ என்னும் 4 அங்குல அலகால் அளக்கப்படுகிறது; 14.2 கை என்றால் 14 கையும் 2 அங்குலமும், அதாவது 58 அங்குலம். இது தசமப் புள்ளி அன்று என்பதால் 14.3-க்கு அடுத்து 15 வருகிறது. தானாகத் திருத்தும் மென்பொருளுக்கு இது தெரியாது. இத்தகைய விடைகளை ஒருவர் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும்.

படக் கேள்விகளில் நானே சறுக்கியிருக்கிறேன். செங்கபில நிறக் குதிரைக்குப் பிடரியும் வாலும் கால்களின் கீழ்ப்பகுதியும் கறுப்பாக இருக்க வேண்டும். முழுச் செம்பட்டை நிறக் குதிரையில் அந்தக் கறுப்பு இராது. இந்த வேறுபாட்டைக் கேட்ட படத்தைச் சிறிதாக்கி அனுப்பியதில், கால்களின் கறுப்பு நிழலோடு கலந்துவிட்டது. சரியாகக் கவனித்த பிள்ளைகளே தவறான விடையை எழுதினார்கள். அன்றிலிருந்து எந்தப் படத்தையும் விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் திறந்து பார்த்த பிறகே சேர்க்கிறேன்.

அமெரிக்காவில் 4-எச் இளைஞர் அமைப்பின் குதிரை வினாடிவினாவில் அணிகள் மணியை அழுத்தி முந்திக்கொண்டு விடை சொல்லும். நேரில் அது விறுவிறுப்பானது; இணையத்தில் அதை அப்படியே கொண்டுவந்தால் அலைவரிசை நன்றாகக் கிடைக்கும் வீடுதான் வெல்லும். அதற்குப் பதிலாகக் கேள்விக் கோப்பை முதல்நாளே கடவுச்சொல்லுடன் அனுப்பி, குறித்த நேரத்தில் கடவுச்சொல்லை மட்டும் குறுஞ்செய்தியில் தெரிவித்து, விடைகளையும் குறுஞ்செய்தியாகவே பெற்றுக்கொள்ளலாம். ஒரே கைப்பேசியைப் பகிரும் உடன்பிறப்புகளுக்கு இரண்டு வேளைகளும் இரண்டு கேள்வித்தாள்களும் தேவைப்படும். வயதுப் பிரிவு, பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல், எந்தப் புத்தகத்தை ஒட்டிக் கேள்விகள் வரும் என்ற அறிவிப்பு ஆகியவற்றைப் பதிவின்போதே முடித்துவிடுங்கள். கேள்வித்தாளை ஒரு கால்நடை மருத்துவரும், குளம்பு பற்றிய பகுதியை லாடம் அடிப்பவர் ஒருவரும் படித்துப் பார்த்தால் பின்னர் எழும் பூசல்களில் பெரும்பகுதி குறையும்.

சமநிலை வந்தால் வேகத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். நான்கு குதிரைகள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நிற்பதையும், நடப்பதையும், துள்ளுநடை போடுவதையும் காட்டும் காணொளியை அனுப்பி, உடலமைப்பின்படி வரிசைப்படுத்திக் காரணங்களை இரண்டு நிமிடக் குரல்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். துள்ளுநடையில் முன்கால் வலிக்கும் குதிரை, வலிக்கும் கால் தரையில் படும்போது தலையை உயர்த்தும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். நான்கு குதிரைகளில் ஒன்று அப்படி நொண்டுவதை யார் சொல்கிறாரோ, அவருக்கே வெற்றியைக் கொடுங்கள்.