ஜூமும் வேண்டும், இருட்டிலும் எடுக்க வேண்டும்: கையடக்கக் கேமரா வாங்குமுன்

கடைக்காரர் முதலில் காட்டுவது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் '40எக்ஸ்'ஸைத்தான். வாங்க வந்தவரும் அதில் மயங்கிவிடுகிறார். அந்த எண் லென்ஸின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள விகிதம், அவ்வளவுதான். தூரத்துப் பொருள் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை லென்ஸின் குவியத் தூரம்தான் (ஃபோகல் லெங்த்) சொல்லும்; அதை 35 மி.மீ. ஃபிலிமுக்கு இணையான மி.மீ. கணக்கில் பார்க்க வேண்டும். கேனான் எஸ்எக்ஸ்740இல் அது 24 முதல் 960 வரை. சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பில் 24 முதல் 200 வரை.

இந்த இரண்டையும் தனுஷ்கோடிப் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும். கரையிலிருந்து 200 மீட்டர் தள்ளி நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 200 மி.மீ. லென்ஸில் அந்தத் தூரத்தில் படத்தின் உயரத்துக்குள் சுமார் 24 மீட்டர் அடங்கும். ஒன்றேகால் மீட்டர் பறவை அதில் இருபதில் ஒரு பங்குதான் வரும். 960இல் அதே பறவை படத்தின் கால்வாசி உயரத்துக்கு நிற்கும், ஒற்றைக் காலை மடக்கியிருப்பதுகூடத் தெரியும். பறவைதான் குறி என்றால் 200 மி.மீ. கேமராவில் எத்தனை ஆயிரம் கொட்டினாலும் பிரயோஜனமில்லை.

டிஜிட்டல் ஜூம் கணக்கிலேயே சேராது. எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதை வீட்டில் நாமே செய்துகொள்ளலாம். ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு வரும் பெயர் தெரியாத '48 மெகாபிக்சல், 16எக்ஸ்' கேமராக்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

இப்போது அதே 960 மி.மீ. கேமராவைப் பொழுது விடியுமுன் பாம்பன் கரைக்குக் கொண்டுபோங்கள். படகிலிருந்து மீன் இறங்குகிறது, ஒரு பல்பு வெளிச்சத்தில் ஏலம் நடக்கிறது. அந்தக் கேமராவின் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு, சுமார் 6.2 × 4.6 மி.மீ. 'ஒரு அங்குலம்' என்று விற்கப்படும் ஆர்எக்ஸ்100இன் சென்சார் 13.2 × 8.8 மி.மீ., பரப்பில் நான்கு மடங்கு. லென்ஸின் துவாரத்தையும் பார்க்க வேண்டும். அதைச் சொல்வது எஃப் எண்; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். எஸ்எக்ஸ்740 தொடங்குவது எஃப் 3.3இல், முழுதாக ஜூம் செய்தால் 6.9. ஆர்எக்ஸ்100 தன் 200இல் 4.5. இரண்டும் முழு ஜூமில் இருக்கும்போது, பரப்பையும் துவாரத்தையும் சேர்த்துப் பார்த்தால், வாங்கும் வெளிச்சத்தில் 9 மடங்குக்கு மேல் வித்தியாசம். லென்ஸ் வளையத்தில் எழுதியிருக்கும் இரண்டு எஃப் எண்களில் முதலாவதை மட்டும் படித்துவிட்டு வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. குறைந்த வெளிச்சத்தில் உங்கள் காலை வாரப்போவது முழு ஜூமுக்கான இரண்டாவது எண்.

வெளிச்சம் குறைந்தால் படத்தைப் பிரகாசமாக்கக் கூட்டும் ஐஎஸ்ஓ எண் இதைச் சரிக்கட்டிவிடும் என்பார்கள். பெட்டியில் போட்டிருக்கும் உச்ச ஐஎஸ்ஓ, கேமரா போகக்கூடிய எல்லை. படம் நன்றாக வரும் எல்லை அல்ல. சின்ன சென்சாரில் 1600ஐத் தாண்டினால் மீன் செதிலும் வலைக்கண்ணும் ஒன்றாகக் குழைந்துவிடும். ஸ்டெபிலைசரும் உங்கள் கைநடுக்கத்தைத்தான் பிடிக்கும். கூடையைத் தூக்கி வீசுகிறவரின் கையையோ அலையில் ஆடும் வல்லத்தையோ அது நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். ஜூமே போடாத இரவுப் படம்தான் தேவை என்றால் நல்ல ஃபோன் ஒன்று இந்தச் சின்ன சென்சார் கேமராவைவிட மேல். சொன்னால் கடைக்காரருக்குக் கோபம் வரும்.

ஆக, பைக்குள் அடங்கும் உடம்பில் இரண்டும் முழுசாகக் கிடைக்காது. பானாசோனிக் டிஸட்200 (TZ200) ஓர் இடைவழி: ஒரு அங்குல சென்சார், 360 மி.மீ. வரை. ஆனால் அந்த முனையில் எஃப் 6.4தான். சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு 600 வரை போயும் எஃப் 4இல் நிற்கும். எடை ஒரு கிலோவுக்கு மேல், சட்டைப் பைக்கு வராது.

எனவே, உங்களுக்கு இருட்டு எங்கே கிடைக்கப்போகிறது என்று முதலில் யோசியுங்கள். ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தை எடுக்கத்தான் என்றால் காசை மிச்சப்படுத்துங்கள், உள்ளே கேமராவுக்கு அனுமதியில்லை. அரிச்சல்முனையில் நட்சத்திரம் எடுக்கலாம் என்ற கனவும் வேண்டாம். பொழுது சாயுமுன் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மிஞ்சுவது மீன் இறங்குதளமும் வீட்டு விசேஷமும். இவற்றுக்கு ஆர்எக்ஸ்100 வகைதான் சரி. பறவைக்குப் போகிறவர் வெயில் ஏறத் தொடங்கும் காலையில் எடுப்பார், 960 போதும். உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம். மணலும் நீரும் சூடாகிக் காற்று நடுங்கும்போது எந்த லென்ஸிலும் பூநாரை ரோஜா நிறக் கீற்றாகத்தான் வரும்.

அந்த வெள்ளை மணல் கூச்சத்தில் பின்திரையில் ஒன்றும் தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் ஆர்எக்ஸ்100 ஏழிலும் டிஸட்200இலும் உண்டு, எஸ்எக்ஸ்740இல் இல்லை. 960 மி.மீ.யில் பறவையைத் தேடிப் பிடிக்கும்போது இந்தக் குறை நன்றாக உறைக்கும்.

நம் கரையில் கேமராவைக் கொல்வது மணல். கையடக்கக் கேமராவை ஆன் செய்தால் லென்ஸ் குழல் குழலாக வெளியே வரும். ஆஃப் செய்தால், மேலே ஒட்டிய மணலோடு உள்ளே போகும். கச்சான் காற்று சாலையில் மணலை வாரி இறைக்கும் நாளில் இரண்டு முறை இப்படி நடந்தால் போதும், கரகர சத்தம், அப்புறம் 'லென்ஸ் எரர்'. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தூசிக் காப்பு கிடையாது. காற்றுக்கு முதுகு காட்டி ஆன் செய்யுங்கள். குழலில் மணல் இருந்தால் மூடுமுன் ரப்பர் ஊதியால் ஊதி, பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். வீடு திரும்பியதும் உப்புப் பிசுக்கை லேசான ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வையுங்கள்.

செகண்ட்ஹேண்ட் வாங்குகிறவர்கள், குறிப்பாகக் கடலோரத்தில் ஓடிய கேமரா என்றால், லென்ஸை நாலைந்து முறை முழுதாக நீட்டி மடக்கிக் காது கொடுத்துக் கேளுங்கள். டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். முழு ஜூமில் வெளிறிய வானத்தை எடுத்தால் சென்சாரில் விழுந்த தூசி கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். இந்த வகைக் கேமராவைப் பிரிக்காமல் அதைத் துடைக்க முடியாது. புதிதோ பழையதோ, உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோய், முழு ஜூமில் கடையின் இருண்ட மூலையை ஐஎஸ்ஓ 3200இல் எடுத்து, வீட்டில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள்.