யூத விருந்தினருக்குச் செட்டிநாட்டு அடுப்படியில் கோஷர் முறையில் சமைப்பது எப்படி?

கானாடுகாத்தான், பள்ளத்தூர், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பார்க்க வந்து தங்குகிறவர்களில் யூதர்களும் உண்டு. எங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவர் முதன்முதலாக வந்தபோது, அவர் அசைவம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் வேலை சுலபம் என்று எண்ணி வெள்ளைப் பணியாரம் ஊற்றி, சுடச்சுட இலையில் வைத்தேன். அவர் கைவைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உடன் வந்த வழிகாட்டிப் பையன் என்னிடம் வந்து, "ஆச்சி, இந்த எண்ணெயில் இதற்கு முன்னால் என்ன பொரித்தீர்கள் என்று கேட்கிறார்" என்றான். முந்தின நாள் அதே இரும்புச் சட்டியில் இறால் பொரித்திருந்தேன். எண்ணெயை வடிகட்டி எடுத்து வைத்திருந்தேன். மறைக்காமல் சொன்னேன். அவர் நன்றி சொல்லி இலையை நகர்த்திவிட்டு, ஒரு மலைவாழைப்பழத்தைத் தம் கையாலேயே உரித்துச் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்தவர் பசியோடு படுத்த அந்த இரவுக்குப் பிறகுதான் கோஷர் என்னும் அவர்களுடைய உணவுச் சட்டங்களை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். வீட்டில் விருந்தினர் வைத்துச் சமைக்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கோஷர் என்ற எபிரேயச் சொல்லுக்குத் தகுந்தது, ஏற்றது என்று பொருள். எந்த உயிரை உண்ணலாம், எதை உண்ணக் கூடாது என்பது அவர்களுடைய வேதமான தோராவில், லேவியராகமம் 11ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 14ஆம் அதிகாரத்திலும் சொல்லப்பட்டிருக்கிறது. நிலத்து விலங்கு என்றால் குளம்பு பிளந்திருக்க வேண்டும், அசைபோடவும் வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் ஆகும். ஆடும் மாடும் அதில் சேரும். குளம்பு பிளந்திருந்தும் அசைபோடாத பன்றியும், பிளந்த குளம்பில்லாத முயலும் சேரா. மீனுக்குத் துடுப்பும் செதிளும் வேண்டும் என்பதால் சங்கராவும் மத்தியும் நெத்திலியும் ஆகும். இறால், நண்டு, கணவாய், விலாங்கு, கெளுத்தி ஆகா. நம் ஊரில் பெயர்பெற்ற சுறாப்புட்டும் ஆகாது, ஏனென்றால் சுறாவின் தோலில் இருப்பது உரித்தெடுக்கக் கூடிய செதிள் அல்ல. கோழி, வாத்து, வான்கோழி ஆகியவற்றுக்குப் பொதுவாகத் தடையில்லை. காடையைப் பற்றி அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதால் அதை விட்டுவிடுவதே நல்லது.

ஆடும் கோழியும் ஆகும் என்றவுடன் சந்தையில் கறி வாங்கிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. அறுக்கிறவர் அதற்கென்று பயின்ற யூதராக இருக்க வேண்டும். ஷோகெட் என்று அவரைச் சொல்கிறார்கள். கத்தியின் விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு சிறு பிசிறுகூட இருக்கக் கூடாது. அறுத்தபின் நுரையீரலைத் தடவிப் பார்த்து நோயோ ஒட்டலோ இல்லை என்று உறுதிசெய்கிறார்கள். இரத்தம் உண்பது அடியோடு தடை என்பதால் இறைச்சியை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் வைத்து, மூன்று முறை கழுவுகிறார்கள். ஈரலை நேராகத் தணலில் வாட்டித்தான் எடுக்க வேண்டும். ஹலால் கறியும் இதற்கு ஈடாகாது. ஆகவே கறி சமைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். நாட்டுக்கோழிக் குழம்பை அவர் சுவைக்காமல் போவது நமக்கு வருத்தமாக இருந்தாலும், அவருக்கு அது இழப்பே அல்ல.

அடுத்தது பாலும் இறைச்சியும் சேரக் கூடாது என்ற விதி. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அந்த ஒரு வரியிலிருந்து தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி, கழுவத் தனித்தனித் தொட்டி என்று ஒரு முழு வாழ்க்கை முறையே விரிந்திருக்கிறது. இறைச்சி உண்டபின் பால் சார்ந்தது எதையும் தொட பலர் ஆறு மணி நேரம் காத்திருக்கிறார்கள். சில சமூகத்தார் மூன்று மணி நேரம், டச்சு மரபில் வந்தவர்கள் ஒரு மணி நேரம். இரண்டிலும் சேராத தானியம், பருப்பு, காய், கனி, எண்ணெய், முட்டை, மீன் ஆகியவற்றுக்குப் பரேவ் என்று பெயர். நம் நாட்டுப் பொட்டலத்தில் முட்டை கலந்தால் அசைவக் குறி போடுவார்கள். அவர்கள் கணக்கில் முட்டை பரேவ். நாம் சைவம் என்று நினைக்கும் நெய்யோ அவர்களுக்குப் பால் வகை. மீன் பரேவ் என்றாலும் அதை இறைச்சியோடு சேர்த்துச் சமைப்பதில்லை.

பாத்திரத்தைத் தனியாக வைப்பது நமக்குப் புதிதல்ல. கவிச்சிச் சட்டியைப் பின்கட்டில் தனியே கவிழ்த்து வைத்த வீடுகளில்தான் நாம் வளர்ந்தோம். நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானபின் வேறு வைத்து, ஒரே கூரையின்கீழ் அவரவருக்குத் தனி அடுப்பும் தனிச் சாமானும் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு அடுப்பை விருந்தினருக்கென்று ஒதுக்குவது பெரிய வீட்டில் கடினமே இல்லை.

பழைய பாத்திரம் உணவின் சுவையை உறிஞ்சி வைத்திருக்கிறது, அடுத்த முறை சூடேறும்போது அதை விடுகிறது என்பது அவர்களுடைய அடிப்படைக் கருத்து. உலோகமானால் 24 மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்து, கொதிநீரில் முக்கியோ தீயில் பழுக்கக் காய்ச்சியோ தகுதியாக்கலாம். எந்த வழியில் உறிஞ்சியதோ அதே வழியில்தான் வெளியேற்ற வேண்டும் என்பதால், எதற்கு எது என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மண்சட்டியை வீட்டில் எப்படிச் செய்தாலும் தகுதியாக்க முடியாது. எனவே நான் சொல்லும் வழி, புதிதாக வாங்கிவிடுவதுதான். இரண்டு எவர்சில்வர் பாத்திரம், ஒரு இரும்புச் சட்டி, ஒரு பணியாரக்கல், கரண்டிகள் போதும். புதுப் பணியாரக்கல்லைப் பழக்கும்போது நல்லெண்ணெய் தவிர வேறெதையும் தடவாதீர்கள். பழக்கியபின் ஒரு துணிப்பையில் கட்டி, வீட்டில் வேறு யாரும் எடுக்காத இடத்தில் வையுங்கள்.

அரிவாள்மனையும் அம்மியும் புதிதாக வேண்டும் என்பதைத்தான் நான் கடைசியாகப் புரிந்துகொண்டேன். வெங்காயம், பூண்டு, மிளகாய் போன்ற காரமான பொருள்கள், சூடே இல்லாமலும் கத்தியில் ஊறியிருப்பதை இழுத்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய சட்டம். கறி நறுக்கிய மனையில் உரித்த சின்ன வெங்காயத்தை அரிந்தால், புதுப் பாத்திரத்தில் வைத்த குழம்பும் கெட்டுவிடும். கறி மசாலா அரைத்த அம்மியில் மிளகாய் அரைத்தாலும் அப்படியே. செட்டிநாட்டுச் சமையலில் பாதி வேலை வெங்காயமும் பூண்டும் மிளகாயும் என்பதால், இந்த ஒரு இடத்தில் கவனம் தவறினால் மற்றதெல்லாம் வீணாகும்.

மசாலாவைப் பொறுத்தவரை கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, பட்டை, சோம்பு எல்லாவற்றையும் முழுதாக வாங்கி வீட்டிலேயே பொடியுங்கள். பொடித்து விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். சாதாரண நாளில் அது பிரச்சினை இல்லை, ஆனால் புளித்த தானியப் பண்டங்களை விலக்கும் பஸ்கா பண்டிகையின்போது அடியோடு ஆகாது. பொட்டலத்தின் பச்சைப் புள்ளி சைவம் என்பதைச் சொல்லுமே ஒழிய கோஷர் என்பதைச் சொல்லாது. வட்டத்துக்குள் யு என்ற ஆங்கில எழுத்து போன்ற சான்றுக் குறிகள் இருந்தால் விருந்தினரிடம் காட்டுங்கள். திராட்சை ரசம், ஒயின், திராட்சைக் காடி எதுவும் வேண்டாம். புளியும் எலுமிச்சையும் இருக்கையில் அவற்றுக்குத் தேவையும் இல்லை.

பூச்சி விஷயத்தில் அவர்கள் மிகவும் கண்டிப்பானவர்கள், கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறு வண்டு உணவில் இருப்பதும் தடை. அரிசியையும் பருப்பையும் முறத்தில் புடைத்து, வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். மாவைச் சலியுங்கள். கத்தரிக்காயை முழுதாகப் போடாமல் பிளந்து பாருங்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகியவற்றை உப்புநீரில் ஊறவைத்து அலசியபின் முற்றத்து வெளிச்சத்தில் இலை இலையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். காலிஃபிளவரைத் தவிர்த்துவிடுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குவளையில் உடைத்துப் பார்த்து, இரத்தப் புள்ளி இருந்தால் அதைத் தள்ளிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் யார் சமைத்தார்கள் என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. யூதர் அல்லாதவர் முழுக்கச் சமைத்த சில வகை உணவுகளை அவர்கள் உண்பதில்லை. பச்சையாகவே உண்ணக் கூடியவற்றுக்கு இந்தத் தடை கிடையாது. ஐரோப்பிய வழியில் வந்த அஷ்கெனாசி யூதர்களில் பெரும்பாலோருக்கு, அடுப்பைப் பற்றவைப்பது யூதராக இருந்தால் போதும்; ஸ்பெயின் வழியில் வந்த செபார்தி மரபினர் பாத்திரத்தைத் தாமே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பார்கள். இதைக் கேட்டு மனம் வருந்த ஒன்றுமில்லை. நான் இப்போது விருந்தினரை அடுப்படிக்கே அழைத்து, லைட்டரை அவர் கையில் கொடுத்து, பாத்திரத்தையும் அவரையே வைக்கச் சொல்லிவிடுகிறேன். அவரும் மகிழ்ச்சியாகப் பக்கத்திலேயே நிற்கிறார்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். சாமிக்குப் படைத்த உணவை அவர்கள் உண்ண மாட்டார்கள். வேற்றுத் தெய்வத்துக்குக் காணிக்கையான எதையும் பயன்படுத்தக் கூடாது என்பது அவர்கள் சட்டம். இந்தியக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த முடியால் செய்த டோப்பாக்களை 2004இல் யூத குருமார் தடை செய்ததும் இதனால்தான். நம் வழக்கத்தை நாம் விட வேண்டியதில்லை; படையலை வேறு அடுப்பில், வேறு பாத்திரத்தில் செய்துவிட்டு, அதிலிருந்து ஒரு பருக்கையும் விருந்தினர் இலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

என்ன சமைக்கலாம் என்றால், பால், நெய், தயிர் மூன்றையும் விலக்கி முழுக்கப் பரேவாகச் சமைப்பதே எளிது. பாலைப் பற்றியும், கறந்த இடத்தில் யூதர் பார்த்திருக்க வேண்டும் என்று கருதுகிறவர்கள் உண்டு. அரிசி கழுவிய நீரில் வைத்த வெண்டைக்காய் மண்டி, கத்தரிக்காய்க் கோசமல்லி, இடியாப்பம், தேங்காய்ப்பால் ஊற்றிய பால் பணியாரம் எல்லாம் பொருந்தும். நெய் மணக்கும் கும்மாயம் மட்டும் வேண்டாம். கொச்சி யூதர்களும் மகாராஷ்டிரத்துப் பெனே இஸ்ரேல் மக்களும், கறியில் பால் சேராது என்பதால் தேங்காய்ப்பாலைத்தான் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பெனே இஸ்ரேல் மக்கள் கொங்கணக் கரையில் செக்காட்டி எண்ணெய் எடுத்தவர்கள். சனிக்கிழமை வேலை செய்யாததால் அவர்களுக்குச் சனிவார எண்ணெய்க்காரர் என்றே பெயர். இலையில் பரிமாறுவதும் வசதி. புது வாழையிலையில் எந்தப் பழைய சுவையும் ஊறியிருக்காது.

அவர்களுடைய வார ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை மாலையே தொடங்குவதால், அன்று சூரியன் மறைவதற்கு முன் சமையல் முடிந்திருக்க வேண்டும். வழக்கமாக 18 நிமிடம் முன்பே விளக்கேற்றிவிடுவார்கள். சனிக்கிழமை இரவு மூன்று விண்மீன் தெரியும்வரை விருந்தினர் தீ மூட்டவோ சமைக்கவோ மாட்டார். மின்விளக்குப் பொத்தானையும் தொடமாட்டார்.

இவ்வளவு செய்தும் பலகையில் கோஷர் உணவு என்று எழுதக் கூடாது. அதற்கு யூத குருவின் சான்றும், மஷ்கியாக் எனப்படும் மேற்பார்வையாளரும் வேண்டும். என்ன செய்தேன், என்ன செய்யவில்லை என்று சொல்லிவிட்டால், உண்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்துகொள்வார். அவர் கொண்டுவந்த மூடிய பொட்டல உணவைச் சூடாக்கச் சொன்னால், பிரிக்காமல் இரண்டு உறை சுற்றிச் சூடாக்குங்கள்.

பாத்திரம் நம்முடையதாக இருந்து அவருக்கு இரவலாகக் கொடுத்தால், பிறரிடமிருந்து வாங்கிய பாத்திரத்துக்கு அவர்கள் செய்யும், நீரில் முக்கி எடுக்கும் சடங்கு தேவையில்லை; அவருக்கே சொந்தமானால் உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் தேவை. முதல் விருந்தினர் இரண்டாம் முறை வந்து நான்கு நாள் எங்கள் இலையில் சாப்பிட்டுப் புறப்பட்டபோது, அவர் சமைத்த எவர்சில்வர் தூக்கை அன்பளிப்பாகக் கொடுத்தேன். உடனே அதில் எதையும் வைக்க மறுத்து, நான் கட்டிவைத்த முறுக்கைத் தனியாகக் காகிதப் பையில் வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் இராமேசுவரம் போவதாகவும், அங்கே கடலில் முக்கி எடுத்தபிறகு அதில் மாற்றிக்கொள்வதாகவும் சொல்லி, தூக்கில் ஒட்டியிருந்த கடைச் சீட்டை நகத்தால் கவனமாகச் சுரண்டத் தொடங்கினார்.